ஊரே கேட்கும் பெட்டி

சான் ஹோசே,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு.

அன்புள்ள அம்முவுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிச்சா ‘இன்னும் எட்டாங்கிளாஸ் கடுதாசியே எழுதறா பாரு’ன்னு சிரிப்பே, அதனால நேரா வந்துடறேன். முட்டிவலி இருந்த இடத்துலயே இருக்கு, வெயில் இன்னும் தணியல, எதிர்வீட்டுச் சீனாக்கார அம்மா ஒரு கூடை பேரிக்காய் கொடுத்துட்டுப் போனாங்க, என்ன பண்றதுன்னு புரியாம பாதியைத் தொக்கு போட்டேன், எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ன்னு சொன்ன தினுசுலேயே தெரிஞ்சுபோச்சு, ஜாடி அப்படியே பிரிட்ஜுல இருக்கு. உன் மருமகளுக்கு வாந்தி நின்னுச்சா? நார்த்தங்காய் கொடுத்துப் பாரேன், என்னை நாலு மாசம் காப்பாத்தினது அதுதான்.

போன தடவை வீடியோவுல பேசினப்ப என் இடுப்புல தொங்கினதைப் பாத்துட்டு ‘என்னடி, போலீஸ் வேலைல சேர்ந்துட்டியா’ன்னு கேட்டே இல்ல, அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சாவகாசமா எழுதப் போறேன், காப்பி போட்டு வச்சுக்கிட்டு உக்காரு, இது சீக்கிரம் முடியாது.

இந்த ஊர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா தரைக்கு அடியில பிளவு ஓடுது, மலைமேல புல் காஞ்சு கிடக்குது. 1989 அக்டோபர் 17, சாயந்தரம் அஞ்சு மணி தாண்டி நாலு நிமிஷம், லோமா பிரியேட்டா மலைப் பக்கம் பூமி 6.9 அளவுக்கு ஆடினதை எங்க தெருப் பெரியவங்க நேத்து நடந்ததாட்டமே சொல்வாங்க. அது நமக்கு முந்தின கதை. நாங்க பாத்தது 2019 அக்டோபர். காத்துல கம்பி அறுந்து தீப்பிடிக்கக் கூடாதுன்னு மின்சாரத்தையே நாள்கணக்கா நிறுத்தி வச்சாங்க, வடக்கே மரின் பக்கமெல்லாம் செல்போன் கோபுரத்துல பாதிக்கு மேல படுத்துடுச்சு, கோபுரத்துக்கு இருக்கிற பேட்டரி கொஞ்ச மணி நேரம்தானே தாங்கும். அங்க இருக்கிற சிநேகிதி ஒருத்திக்கு ராத்திரி முழுக்கப் போன் போட்டுப் பாத்தேன், எடுத்தா வெறும் டுய்ங் டுய்ங். அதுக்கப்புறம்தான் தீயணைப்பு நிலையத்துல தெருக்காரங்களுக்கு நடத்தற பயிற்சிக்குப் போனோம். கேஸை மூடறது, கட்டுப் போடறது, ஆளைத் தூக்கறது, எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டுக் கடைசி வகுப்புல ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கியக் கையில கொடுத்தாங்க. அதைத் தொட்டதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு வச்சுக்கோயேன்.

அவங்க கொடுத்தது யார் வேணும்னாலும் கடையில வாங்கி உடனே பேசக்கூடிய சின்ன வகை, பரீட்சை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, தெரு ரெண்டு தாண்டினா திணறும். இன்னொண்ணு ஹாம் ரேடியோ, அதுக்குப் பரீட்சை எழுதணும். 35 கேள்வி, 26 சரியா இருந்தாப் போதும், கேள்வி பதில் மொத்தத்தையும் முன்கூட்டியே வெளியிட்டுடறாங்க, நம்ம காலத்துல கோனார் நோட்ஸுக்கு அலைஞ்சதெல்லாம் இங்க வேண்டாம். மோர்ஸ் குறியெல்லாம் 2007லேயே எடுத்துட்டாங்க. கட்டணம் 35 டாலர், பத்து வருஷத்துக்கு லைசென்ஸ். எங்க வீட்டுக்காரரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசையில உக்காந்து எழுதினோம். யாருக்கு எவ்வளவு மார்க்னு இங்க எழுத மாட்டேன், இந்தக் கடுதாசியை அவர் படிக்காம ஒட்ட விட மாட்டார், ஆனா உனக்குத் தெரியும், நான் கணக்குல எப்படின்னு.

சரி, நீ பாத்தியே, என் இடுப்புல தொங்கற ஹாம் பெட்டி, அதுக்கு வர்றேன். உள்ளங்கையில அடங்கிடும், தலையில ஒரு ரப்பர் வால், அதுதான் ஆன்டெனா. பக்கவாட்டுல ஒரு பெரிய பித்தான், அதை அமுக்கிப் பிடிச்சாப் பேசலாம், விட்டாக் கேக்கலாம். அது ஒண்ணுக்காகத்தான் எல்லாரும் வாங்கறாங்க. மத்த பித்தானும் மெனுவும் நாப்பது சங்கதி சொல்லும், கூட வர்ற புஸ்தகத்துல இருக்கிற இங்கிலீஷைப் படிச்சா இருக்கிறதும் மறந்து போகும். முக்கால்வாசிப் பேர் மெனு பக்கமே போகாம அந்த ஒரே பித்தானோட காலம் தள்ளறாங்க. எனக்குத்தான் எதையும் திறந்து பாக்காம இருக்க முடியாதே, உங்க அம்மாவோட தையல் மிஷினைக் கழட்டினவ இல்லையா நான். ஒவ்வொண்ணா நோண்டிப் பாத்ததுல எனக்குப் பிடிபட்டது என்னன்னா, பேசறதுக்கு ஒரே ஒரு பித்தான்தான் அம்மு, மத்தது அத்தனையும் எதைக் கேக்கணும், எதைக் கேக்க வேண்டாம், எப்ப வாயை மூடிக்கணும்ங்கிறதுக்காக வச்சிருக்கான்.

முதல்ல தூரம். இந்தப் பெட்டிக்கு அஞ்சு வாட் சக்தி, நம்ம வீட்டு ராத்திரி விளக்கு அளவுதான். வீடுகளுக்கு நடுவுல நின்னு பேசினா ரெண்டு மூணு கிலோமீட்டர் போனாலே பெரிசு. அதனால மலை உச்சியில ரிப்பீட்டர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நாம பேசறதைக் கேட்டு, அதே நொடியில பெரிய சக்தியோட திருப்பிச் சொல்லும், மலைமேல இருக்கிறதால ஐம்பது அறுபது மைலுக்குக் கேக்கும். ஒரே அலைவரிசையில அது கேக்கவும் பேசவும் முடியாதுங்கிறதால ரெண்டையும் தள்ளி வச்சிருக்கும், 146 மெகாஹெர்ட்ஸ் பக்கம்னா 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, 440 பக்கம்னா 5 மெகாஹெர்ட்ஸ். நம்ம பெட்டிக்கு இதை ஒரு தரம் சொல்லி வச்சுட்டா பித்தானை அமுக்கறப்ப அதுவாவே தாவிப் பேசிட்டு, விட்டதும் திரும்பி வந்துடும். ஆஃப்செட்னு பேரு. கூட்டலா கழித்தலாங்கிறதும் சேர்த்துச் சொல்லணும், அதைச் சொல்லாம விட்டவங்க மலையைப் பாத்துக் கத்திக்கிட்டே இருப்பாங்க, மலை கண்டுக்காது.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, டோன். நம்ம மாடி வீட்டு சொர்ணத்தம்மா மாமியாருக்குக் காது கேக்காதுன்னு ஊரே நம்பிச்சே, மருமக அடுக்களைலேருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அசையாதவங்க, மகன் வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தத்துக்கு மட்டும் ‘வந்துட்டியாப்பா’ன்னு எழுந்து வருவாங்களே, ரிப்பீட்டர் அதே ஜாதி. நம்ம பேச்சோட சேர்ந்து ஒரு மெல்லிய ரீங்காரம் போகணும், 67லேருந்து 254 ஹெர்ட்ஸுக்குள்ள ஏதோ ஒண்ணு, 100ன்னா 100, 114.8ன்னா 114.8. அந்த ரீங்காரம் இருந்தாத்தான் அது காதைத் திறக்கும், இல்லேன்னா அசையாது. கேக்கறவங்களுக்கு அந்த ரீங்காரம் தெரியாது, பேச்சுக் குரலுக்குக் கீழ இருக்கிறதை ஸ்பீக்கருக்கு விடாம பெட்டியே வடிகட்டிடும்.

இதே டோனை நம்ம பக்கமும் போட்டுக்கலாம். அப்படிப் போட்டா, சரியான ரீங்காரத்தோட வர்ற பேச்சு மட்டும் நமக்குக் கேக்கும், மத்ததெல்லாம் வந்தாலும் பெட்டி வாயைத் திறக்காது. கடையில விக்கிற சின்ன வகைப் பெட்டிக்காரங்க இதுக்குத்தான் அட்டைமேல கொட்டை எழுத்துல ‘பிரைவசி கோட்’னு போட்டு விக்கறாங்க. 22 சேனல், 121 கோட், பெருக்கிப் பாத்தா 2662, ‘உங்களுக்குன்னு தனி வழி’ன்னு ஜனங்க நம்பிடறாங்க. பொய்னு சொல்ல முடியாது, ஆனா பொய்யைவிட மோசம். அந்தக் கோட் உன் காதைத்தான் அடைக்குது, ஊர்க் காதை இல்ல. டோனை எடுத்துட்டு உக்காந்தவங்களுக்கு அத்தனையும் கேக்கும்.

எப்படித் தெரியும்னு கேக்கறியா? ஒரு சாயந்தரம் மாடியில துணி மடிச்சுக்கிட்டு, பெட்டியை எல்லா சேனலையும் சுத்தி வர விட்டிருந்தேன், ஸ்கேன்னு அதுக்குப் பேரு, ஒவ்வொண்ணா எட்டிப் பாத்துக்கிட்டே போகும், பேச்சு இருக்கிற இடத்துல நிக்கும். நின்னுச்சு. நல்ல சுத்தத் தமிழ், திருநெல்வேலிப் பக்கம், ரெண்டு ஆம்பளைங்க. ஒருத்தர் பசங்களைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார், இன்னொருத்தர் வீட்டுல இருக்கார் போல. பேச்சு என்ன தெரியுமா, வீட்டுல இருக்கிறவரோட மாமனார் ஆறு மாசத்துக்கு வந்திருக்காராம், காலையில நாலு மணிக்கு எழுந்து ஹால்ல லைட்டைப் போட்டு சுப்ரபாதம் வைக்கறாராம், கழுவின தட்டையே மறுபடி கழுவறாராம், டிஷ்வாஷரைக் கண்டாலே ‘இது எச்சில்’னு மூஞ்சியைத் திருப்பிக்கறாராம். பூங்காக்காரர் நிதானமா, ‘ஓய், டிக்கெட்டை முன்னாலயே மாத்தச் சொல்லிப் பாருமே’ங்கறார். இவர் சொல்றார், ‘யோவ், கோட் போட்டிருக்கோம்லா, இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரனுக்கே கேட்டிருக்கும்!’

நான் துணியை மடிக்கறதை நிறுத்திட்டு உக்காந்துட்டேன், அம்மு. குறுக்கே போய் ‘தம்பி, கேக்குதுப்பா’ன்னு சொல்லியிருக்கலாம்தான். சொல்லல. மாமனார் கதை முடியட்டும்னு இருந்துட்டேன், நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே, சொல்லு. அந்தப் பெரியவரை அடுத்த வாரம் கோயில்ல பாத்தேன்னு நினைக்கறேன், வெள்ளை வேட்டி, கையில தானே கொண்டுவந்த டம்ளர். நல்ல மனுஷராத்தான் தெரிஞ்சார்.

ஹாம்ல இந்த ஏமாத்து வேலையெல்லாம் கிடையாது. ரகசியக் குறி வச்சுப் பேசறதே சட்டப்படி தப்பு, வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. ஆனா எந்த பாஷையிலயும் பேசலாம், தமிழ்லயும் பேசலாம், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரமும் முடிக்கறப்பவும் நம்ம அழைப்புக்குறியை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லிடணும், அவ்வளவுதான். நானும் இங்க இருக்கிற இன்னொரு மாமியும் அப்படித்தான் வத்தக்குழம்பைப் பத்திப் பேசுவோம். ஊருக்கே கேக்குதுங்கிற நினைப்பு இருக்கிறதால யாரைப் பத்தியும் பேசறதில்ல, அதனால பேச்சு கொஞ்சம் உப்புச் சப்பில்லாமதான் போகும்.

வாராவாரம் ஒரு ராத்திரி எங்க பக்கத்துல நெட் நடக்கும். எல்லாரும் ஒரே ரிப்பீட்டர்ல வரிசையா ஆஜர் சொல்லணும், நிலநடுக்கம் வந்தா இதே முறையிலதான் தெருவாரியா சேதி போகணும்ங்கிறதுக்கு ஒத்திகை. நடத்தறவங்க ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எண்பது தாண்டினவங்க, 89ல வீட்டுப் புகைக்கூண்டு இடிஞ்சு விழுந்தப்பவும் ரேடியோவுல இருந்தவங்க. என்ன குரல்ங்கறே! அவசரமே கிடையாது. அவங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க, பித்தானை அமுக்கினதும் பேசாதே, ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசு, உன் ரீங்காரம் மலைக்குப் போய் ரிப்பீட்டர் காதைத் திறக்கறதுக்கு அந்த நேரம் வேணும், இல்லேன்னா முதல் எழுத்து வெட்டுப்படும்னு. வாயை ஒட்டிப் பிடிக்காதே, நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்ச்சுப் பிடி, மூச்சுக் காத்து மைக்குல மோதக் கூடாது. அடுத்தவர் முடிச்ச உடனே பாஞ்சு பேசாதே, இடைவெளி விடு, யாருக்காவது ஆபத்துன்னா அந்த இடைவெளியிலதான் நுழைய முடியும். நம்ம வீட்டுக் கல்யாணக் கூட்டத்துல இந்தப் பாட்டியை ஒரு நாள் உக்காத்தி வச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்தேன்.

அவங்க ரொம்ப வலியுறுத்தற இன்னொரு பித்தான், மானிட்டர். உன் பக்கம் டோன் போட்டிருக்கேன்னு வை, வேற டோன்ல ரெண்டு பேர் பேசிக்கிட்டு இருந்தாலும் உனக்கு நிசப்தமாத்தான் இருக்கும், நீ பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சா அவங்க பேச்சு நாசம். அதனால பேசறதுக்கு முன்னாடி அந்தப் பித்தானை ஒரு நொடி அமுக்கு, எல்லாக் கதவும் திறந்து சளசளன்னு இரைச்சல் வரும், உள்ளே யாராவது இருந்தா கேக்கும், இருந்தா பேசாம இரு. மெனுவுலயே இன்னொண்ணும் இருக்கு, வழி மும்முரமா இருந்தா நம்ம பித்தான் வேலையே செய்யாம பூட்டிடும். எங்க வீட்டுக்காரர் பெட்டியில அதைப் போட்டு வச்சிருக்கேன். அவருக்கு இன்னும் தெரியாது, ‘பித்தான் சரியில்ல’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கார். இந்த இடத்தைப் படிக்கறப்ப தெரிஞ்சுக்கட்டும்.

இப்ப பட்டேல் மாமா கதை. பட்டேல்னு நான் வச்ச பேரு, குஜராத்திக்காரர், தங்கமான மனுஷர், ரெண்டு தெரு தள்ளி இருக்கார். ஒரு நாள் நெட் ஆரம்பிக்கற நேரம், அவர் பெட்டி கார் சீட்டுக்கும் சீட்டுபெல்ட்டு கொக்கிக்கும் நடுவுல மாட்டி, பேசற பித்தான் அமுங்கிக்கிச்சு. அவருக்குத் தெரியாது. ரிப்பீட்டர்ல திடீர்னு பழைய இந்திப் பாட்டு, சொந்தக் குரல், சங்கதியெல்லாம் போடறார். அடுத்து சம்சாரத்தோட குரல், ராத்திரிக்கு அவங்க தம்பி குடும்பம் வருதாம், ‘போன தடவை அழைச்சாங்களா நம்மளை’ங்கற மாதிரி ஏதோ, குஜராத்தி தெரியலேன்னாலும் அந்த ராகம் தெரியாதா நமக்கு. பெரும்பாலான ரிப்பீட்டர்ல ஒரு கடிகாரம் உண்டு, ஒரே ஆள் நிறுத்தாம மூணு நிமிஷம் பேசினா வாயை மூடிடும். மூடிடுச்சு. ஆனா அவர் விட்டாத்தானே மறுபடி திறக்கும், அவர் விடறதா இல்ல, ஊர் மொத்தமும் பேச முடியாம நிக்குது. கைப்பெட்டியிலயும் அதே கடிகாரம் மெனுவுல இருக்கு, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு நாமளே வச்சுக்கலாம், அவர் வைக்கல.

அப்பத்தான் நான் ரிவர்ஸ் பித்தானை அமுக்கினேன். அது என்ன பண்ணும்னா, ரிப்பீட்டர் திருப்பிச் சொல்றதைக் கேக்காம, ரிப்பீட்டருக்குள்ள போற அலைவரிசையை நேரா கேக்கும். நேரா கேட்டுச்சுன்னா ஆள் பக்கத்துல இருக்கார்னு அர்த்தம். கேட்டுச்சு, அம்மு! முதல்ல கரகரன்னு, பாட்டுப் பாதி இரைச்சல் பாதி. வாசல்ல போய் நின்னேன். பெட்டித் திரையில வர்ற சக்தியைக் காட்ட ஒரு கோடு உண்டு, அது கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போகுது, இரைச்சல் குறையுது, இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்கறதுகூடக் கேக்குது, கோடு முழுசா ரொம்பினப்ப முனையில அவர் கார் திரும்புது. நைட்டியோட நடுரோட்டுல நின்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். கண்ணாடியை இறக்கி, ‘எல்லாம் நலம்தானே’ன்னு கேக்கறார், அந்தக் கேள்வியும் என் இடுப்புல இருந்த பெட்டியிலேயே வந்துச்சு. அந்த அம்மா முகத்தை நீ பாத்திருக்கணும். மறுநாள் ஒரு டப்பா டோக்ளா வந்துச்சு, மன்னிப்புக்கா, தம்பி பேச்சை வெளியில விடாதேங்கிறதுக்கான்னு தெரியல, உனக்கு மட்டும்தான் சொல்றேன்.

நாமளே அமுக்காம குரலைக் கேட்டதும் தானாப் பேசற வசதியும் இருக்கு, வாக்ஸ்னு பேரு, கை ரெண்டும் வேலையா இருக்கிறவங்களுக்காம். சமையலறையில மட்டும் போட்டுடாதே, குக்கர் மூணாவது விசில் அடிச்சதா இல்லையான்னு ஊரே எண்ணிச் சொல்லும்.

எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் போதல, ஜிபிஎஸ் வச்ச விலை கூடின பெட்டியா ஒண்ணு வாங்கிக்கிட்டார். ஏபிஆர்எஸ்னு ஒரு முறை, அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில வேலை பாத்த பாப் புருனிங்காங்கிற பொறியாளர் உருவாக்கினது, பெட்டி தானே ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘நான் இங்க இருக்கேன்’னு 144.390ல ஒரு கீச்சுச் சத்தம் போடும், அதை வழியில இருக்கிற பெட்டிகள் கைமாத்தி இன்டர்நெட் வரைபடத்துல ஏத்திடும். மலையில நடக்கப் போறவங்க, தீயணைக்கப் போறவங்க எங்க இருக்காங்கன்னு தெரிய அருமையான ஏற்பாடு. எனக்கும் தெரிஞ்சுச்சு. சாயந்தரம் லைப்ரரி வரைக்கும் நடந்துட்டு வர்றேன்னு போற மனுஷரோட புள்ளி லைப்ரரியைத் தாண்டி டோனட் கடை வாசல்ல இருபது நிமிஷம் அசையாம நிக்குது. சர்க்கரை எவ்வளவுன்னு உனக்குத் தெரியும். வந்ததும் நான் ஒண்ணும் கேக்கல, ராத்திரி ரெண்டு சப்பாத்திக்கு பதிலா ஒண்ணு வச்சேன், ஏன்னு கேக்கல அவர். மறுநாள்லேருந்து அந்தக் கீச்சை நிறுத்திட்டார். பேட்டரி சீக்கிரம் தீருதாம்.

பேட்டரின்னதும் ஒண்ணு, சக்தியைக் கூட்டறது குறைக்கறது மெனுவுல இருக்கு, எல்லாரும் முழுசா வச்சுட்டுத் திரியறாங்க. ஒரு வாட்டை அஞ்சாக்கறதைவிட, நீ மாடிக்கு ஏறி நின்னாலோ ரப்பர் வாலுக்குப் பதிலா நீளமா ஒரு ஆன்டெனா மாட்டினாலோ ரொம்ப நல்லாக் கேக்கும். தேவையான அளவு சக்திக்கு மேல போகாதேன்னு சட்டமே சொல்லுது. அரசாங்கத்தோட வானிலை ஒலிபரப்பும் இதே பெட்டியில 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேக்கும், எச்சரிக்கை வந்தா சில மாடல் தானே அலறி எழுப்பும், காத்துக் காலத்துல அதை நான் அணைக்கறதே இல்ல.

இப்ப உனக்குன்னு எடுத்து வச்சிருக்கிற சேதி. வானத்துல சுத்துதே சர்வதேச விண்வெளி நிலையம், அதுலயும் ஒரு ரிப்பீட்டர் இருக்கு, 2020 செப்டம்பர்லேருந்து. 145.990ல 67 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தோட பேசினா 437.800ல திருப்பிச் சொல்லும். நானூறு கிலோமீட்டர் உயரத்துல மணிக்கு இருபத்தேழாயிரம் கிலோமீட்டர் வேகத்துல போகுது, நம்ம தலைக்கு மேல பத்து நிமிஷம் இருந்தா அதிகம். அந்த வேகத்துல வர்றப்ப அலைவரிசை கொஞ்சம் மேல ஏறிக் கேக்கும், தாண்டிப் போறப்ப கீழ இறங்கிடும், ரயில் வர்றப்ப ஊதறதும் போறப்ப ஊதறதும் வேற வேறயா கேக்குமே, அதே கணக்கு. அதனால பெட்டியில அஞ்சு இடம் தனியா எழுதி வச்சுக்கணும், முதல்ல 437.810, அப்புறம் 805, 800, 795, கடைசியா 790, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே ஒவ்வொண்ணா இறங்கிக்கிட்டு வரணும். மெமரிங்கிற வசதியோட அருமை எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஏழு எழுத்துக்குள்ள பேரும் வச்சுக்கலாம், அஞ்சுக்கும் நம்ம பழைய பெஞ்சுல உக்காந்த அஞ்சு பேரோட பேரைச் சுருக்கி வச்சிருக்கேன், உச்சியில நேர் தலைக்கு மேல வர்றப்ப கேக்கறது நீ.

விடியக்காலை, பின்கட்டுல கம்பளியைப் போத்திக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் திடீர்னு ஒரு பையன் குரல், இடாஹோவுல இருக்கானாம், பின்னாலயே மெக்சிகோவுலேருந்து ஒருத்தர், அவங்களுக்கு நடுவுல எத்தனையோ மைல். ஆன்டெனாவைக் கொஞ்சம் சாய்ச்சா தெளியுது, நிமித்தினா மங்குது, கையைத் திருப்பித் திருப்பிப் பிடிச்சதுல மணிக்கட்டு வலிச்சுப் போச்சு. நானும் என் அழைப்புக்குறியைச் சொன்னேன், அந்தப் பையன் அதைத் திருப்பிச் சொல்லி ‘குட் மார்னிங்’னான். அவ்வளவுதான், இறங்கிப் போயிடுச்சு. 1983ல ஓவன் கேரியட்ங்கிறவர் கொலம்பியா விண்கலத்துல போனப்ப, கையில பிடிக்கிற இதே வகைச் செட்டுக்கு ஜன்னல்ல ஆன்டெனா வச்சுத்தான் முதல்முதல்ல கீழ இருந்த ஹாம்காரங்களோட பேசினாராம். உள்ள வந்து எங்க வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன், ‘காப்பி ஆச்சா’ன்னார்.

உன் பையன் வாட்ஸப்புல கேட்டிருந்தான், அடுத்த வருஷம் ஐப்பசிக் கடைமுழுக்குக்கு ஆத்தங்கரையில கூடற கூட்டத்துல தொண்டர் பசங்களுக்காக நான் வர்றப்ப இதுல நாலு வாங்கிட்டு வர முடியுமான்னு. கண்டிப்பா முடியாதுன்னு சொல்லிடு. நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம இதை வச்சிருக்கவே கூடாது, விமான நிலையத்துலேயே பிடிச்சு வச்சுடுவாங்க, இங்கத்து அலைவரிசையும் அங்க வேற யாருக்கோ கொடுத்திருக்காங்க. 446 மெகாஹெர்ட்ஸ்ல லைசென்ஸ் வேண்டாத சின்ன வகை நம்ம நாட்டுலயே உண்டு, அரசு ஒப்புதல் வாங்கின மாடலாப் பாத்து அங்கேயே வாங்கிக்கட்டும், கரையோரக் கூட்டத்துக்கு அது தாராளம். கோட் போட்டுக்கிட்டு யாரைப் பத்தியும் பேச வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லு. நெசமாவே ஆசையிருந்தா மத்திய அரசு நடத்தற ஹாம் பரீட்சையை எழுதட்டும், பன்னிரண்டு வயசு ஆனாலே எழுதலாம், முதல் படிக்கு மோர்ஸ் வேண்டாம், வி.யு.3ன்னு ஆரம்பிக்கிற அழைப்புக்குறி கிடைக்கும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்னிக்கு பாரதி பிரசாத்னு ஒரு அம்மா போர்ட் பிளேர்ல ஹாம் செட்டோட இருந்தாங்க, பல வருஷமா அனுமதியே இல்லாத தீவுல அப்பத்தான் அனுமதி வாங்கிப் போயிருந்தாங்க, போனெல்லாம் செத்துக் கிடந்தப்ப அவங்க செட் வழியாத்தான் எத்தனையோ வீட்டுக்கு ‘உசிரோட இருக்காங்க’ன்னு சேதி போச்சு. அது மேசைமேல வைக்கிற பெரிய செட், கைப்பெட்டி இல்ல, ஆனாலும் உன் பையன்கிட்ட இந்தக் கதையைச் சொல்லு, டிவி பாக்கறதைவிட நல்லது.

மார்கழிக்கு டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கோம். ரேடியோ வராது, வேற என்ன வேணும்னு எழுது, பாதாம், முட்டிக்குத் தடவற தைலம், குழந்தைக்கு மெத்துனு சட்டை, எதுவானாலும் சொல்லு. எனக்குச் சுண்டைவத்தல் ரெண்டு கிலோ வேணும், உப்பு போன தடவையைவிடக் கம்மியா. பேரிக்காய்த் தொக்கு ஒரு பாட்டில் கொண்டு வர்றேன், உன் வீட்டுக்காரர் எதையும் நல்லாயிருக்குன்னுதானே சாப்பிடுவார்.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி